கடமை தொடங்கும் வயதில் நிறுத்தப்படும் பாடம்

 

இஸ்லாமியப் பள்ளி என்ற பெயரில் நம் ஊர்களில் நடைபெறும் தனியார் பள்ளிகளைக் குறித்துச் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியுள்ளது. சேர்க்கைக் காலத்தில் இப்பள்ளிகள் தரும் வாக்குறுதி ஒன்றுண்டு. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் சமநிலையில் வழங்கப்படும் என்பதே அது. அந்த ஒரு வரியை நம்பித்தான் அருகிலிருக்கும் வேறு பள்ளிகளை விடுத்து, வேன் கட்டணமும் சேர்த்துக் கட்டி, பிள்ளைகளை அங்கே அனுப்புகிறோம். அந்த வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்று அறிய விரும்புபவர் முதல் வகுப்பின் கால அட்டவணையைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. பத்தாம் வகுப்பின் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

நான் அறிந்த பள்ளிகள் பலவற்றில் நிலைமை இதுதான். மழலையர் வகுப்பில் நாள்தோறும் ஓதல் உண்டு, துஆக்கள் உண்டு, ஆண்டுவிழா மேடையில் சின்னஞ்சிறு பிள்ளைகள் ஜுப்பாவும் தொப்பியும் அணிந்து சிறிய சூராக்களை ஓதும்போது பெற்றோர் கண்கலங்குவதும் உண்டு. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மார்க்கப் பாடவேளைகள் பாதியாகக் குறைகின்றன. ஒன்பதாம் வகுப்பில் வாரத்திற்கு ஒன்று எஞ்சுகிறது. அறிவியல் பாடம் முடியவில்லை என்றால் அந்த ஒன்றையும் அறிவியல் ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்பில் உஸ்தாத் அந்த அறைக்குள் நுழைவதே இல்லை. விதிவிலக்கான பள்ளிகள் உண்டு. அவற்றை நடத்துவோருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. எனினும் பொதுவழக்கு இதுவே என்பதை இப்பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் எவரும் மறுக்கமாட்டார்.

ஷரீஅத் வகுத்த அட்டவணை

இதில் பாடவேளை குறைந்தது என்பதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. எந்த வயதில் குறைகிறது என்பதே அது.

பிள்ளைகளின் மார்க்கப் பயிற்சிக்கு ஷரீஅத் ஓர் அட்டவணையை முன்னரே வகுத்துத் தந்திருக்கிறது. 7 வயதில் தொழுமாறு பிள்ளைகளை ஏவ வேண்டும் என்றும், 10 வயதில் அதில் கண்டிப்புக் காட்ட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். இவ்விரண்டும் பயிற்சிக் காலம். பிள்ளை பருவமடைந்த அன்றிலிருந்து தொழுகையும் நோன்பும் அதன்மீது பர்ளு ஆகின்றன. உடலில் அடையாளம் எதுவும் தெரியாவிட்டாலும் 15 வயது நிறைவதோடு அந்தப் பொறுப்பு வந்துவிடுகிறது என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. அந்த 15 ஆண்டுகளும் பிறைக் கணக்கிலானவை. நாம் வழங்கும் ஆங்கிலக் கணக்கில் அது ஏறக்குறைய பதினான்கரை ஆண்டுகள்.

பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த அறையில் இருப்போரில் மிகப் பெரும்பாலோர் அல்லாஹ்விடம் தம் செயல்களுக்குத் தாமே பதில் சொல்ல வேண்டியவர்கள். பெற்றோரின் கணக்கிலிருந்து பிரிந்து, அவர்களுக்கென்று தனி ஏடு எழுதப்படத் தொடங்கிவிட்டது. கடமையில்லாத வயதில் நாள்தோறும் கற்பித்த பள்ளி, கடமை தொடங்கும் ஆண்டில் கற்பிப்பதை நிறுத்திவிடுகிறது. நீச்சல் பயிற்சி அளிப்பவர் கரையில் நின்று எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளை நீரில் இறங்கும் நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் அவரை என்னவென்று சொல்வோம்?

சிறு வயதில் கற்றது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 5 வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தகாத, சொன்னாலும் விளங்காத சட்டங்கள்தாம் 14 வயதில் தேவைப்படுகின்றன. குளிப்பு எப்போது கடமையாகும், அதை எப்படி நிறைவேற்ற வேண்டும்? மாதவிடாய் நின்ற பின் எந்த வக்துத் தொழுகையிலிருந்து தொழத் தொடங்க வேண்டும்? விடுபட்ட நோன்புகளைக் களாச் செய்ய வேண்டும், விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டியதில்லை என்ற வேறுபாடு எதனால்? கைப்பேசித் திரையில் கண்ணைக் காப்பது எப்படி? உயிரியல் பாடத்தில் பரிணாமக் கொள்கையைப் படித்துவிட்டு மனத்தில் எழும் ஐயத்தை யாரிடம் கேட்பது? இவற்றை வீட்டில் பேச நம் தாய்மார்களும் தந்தைமார்களும் கூச்சப்படுகிறார்கள். பள்ளியில் பேச ஆளில்லை. மாலை மதரஸாவுக்கோ ஏழாம் வகுப்போடு பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு பிள்ளை கேட்டறிவது யாரிடம்? வகுப்புத் தோழனிடமும் கைப்பேசியிடமும்தான்.

2023, 2024 ஆண்டுகளில் ரமளானும் அரசுப் பொதுத்தேர்வும் ஒரே காலத்தில் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தேர்வுக்காக நோன்பை விடலாமா என்ற கேள்வி அப்போது எத்தனையோ வீடுகளில் எழுந்தது. நோயும் பயணமும் சலுகைக்குரிய காரணங்கள்; தேர்வு மட்டுமே ஒரு காரணமாகாது; உண்மையிலேயே உடல் தாங்காத நிலை வந்தால் அதற்குரிய சட்டம் வேறு. இதைப் பத்து நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கும் உஸ்தாதின் பாடவேளை ஜூன் மாதத்திலேயே நீக்கப்பட்டிருந்ததால் பல பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடைக்கவில்லை. பாட்டி ஒன்று சொல்ல, தந்தை ஒன்று சொல்ல, பிள்ளை தனக்குத் தோன்றியதைச் செய்தது. வாழ்வில் முதன்முதலாகத் தன்மீது கடமையான நோன்பை ஒரு பிள்ளை விவரமறியாமல் விட்டிருந்தால், அதற்கு இஸ்லாமியப் பள்ளி என்ற பெயர்ப்பலகையை மாட்டியவர்களும் பதில் சொல்ல வேண்டாமா?

நேரமில்லை என்ற வாதம்

இதற்குப் பள்ளி நிர்வாகத்தினர் சொல்லும் விடை ஒன்றே: நேரமில்லை. எனவே கணக்குப் போட்டே பார்ப்போம்.

நாளொன்றுக்கு 8 பாடவேளை, வாரத்திற்கு 5 நாள், ஆக 40 பாடவேளை என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 40 நிமிடம். இதில் 3 பாடவேளைகளை மார்க்கத்திற்கு விட்டுவைத்தால் வாரத்திற்கு 2 மணி நேரம் ஆகிறது. மீதம் 37 பாடவேளைகள் பொதுத்தேர்வின் 5 பாடங்களுக்கே இருக்கின்றன. அவையன்றிக் காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை முழுநாள் வகுப்பு, வீடு திரும்பியதும் டியூஷன். இத்தனைக்கும் பிறகு 500 மதிப்பெண்ணில் ஒரு பிள்ளைக்குக் குறைவது அந்த 2 மணி நேரத்தால்தானா? ஓராண்டுப் பாடத்தை இரண்டு ஆண்டுகளாக உருப்போடவைத்தும் மதிப்பெண் வரவில்லையென்றால், கோளாறு கற்பிக்கும் முறையில் இருக்கிறது.

தொழுகைக்கும் இதே சாக்கு சொல்லப்படுகிறது. நம் ஊர்களில் லுஹர் நேரம் நண்பகல் 12 மணியை ஒட்டித் தொடங்கி 3 மணிக்குப் பிறகும் நீடிக்கிறது. மதிய உணவு இடைவேளை அதற்குள்தான் வருகிறது. வுளூச் செய்து ஜமாஅத்தாகத் தொழ 15 நிமிடம் போதும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கி 1.15க்கு முடிகிறது. ஜும்ஆ நாள் நீங்கலாக, தேர்வு நாளில்கூட லுஹரை உரிய நேரத்தில் தொழுதுவிட முடியும். அரசின் தேர்வே பறிக்காத தொழுகையை, தேர்வுக்கான பயிற்சி என்று சொல்லி நம் பள்ளிகள் பறிக்கின்றன.

இன்னொரு விடையும் உண்டு: பெற்றோரே அப்படித்தான் விரும்புகிறார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது என்பதால்தான் இதைப் பெற்றோர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்கிறோம். முடிந்ததும் பிளஸ் டூ முடியட்டும் என்கிறோம். பிறகு நீட் தேர்வு, பிறகு கல்லூரி, பிறகு வேலை. பிள்ளைக்குத் திருமணப் பேச்சு எழும்போதுதான் அதற்கு மார்க்கம் தெரியுமா என்ற கேள்வி நமக்கு நினைவுக்கு வருகிறது. மவுத்துக்கு இப்படி ஒரு தவணை எழுதி வாங்கிக்கொண்டவர் நம்மில் யாரேனும் உண்டா?

பகை இல்லாத இடத்தில் பகை

மறுபுறம், உலகக் கல்வியே வேண்டாம், பிள்ளைகள் ஓதினால் போதும் என்று பேசுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இரு தரப்பாரும் ஒரே பிழையான நம்பிக்கையின் மேல் நிற்கிறார்கள். மார்க்கமும் கல்வியும் தராசின் இரு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் என்பது அந்த நம்பிக்கை. நம் முன்னோர் அப்படி நினைத்ததில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் அல்ஜீப்ராவுக்கு அப்பெயர் வந்ததே, 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள அல்ஜப்ர் என்ற சொல்லிலிருந்துதான். அந்நூலின் ஒரு பெரும்பகுதி எதைப் பற்றியது என்பதை நம் கணித ஆசிரியர்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்? மரண சாசனமும் வாரிசுப் பங்கீடும் சார்ந்த கணக்குகள் அவை. பராயிள் சட்டப்படி சொத்தைப் பிரிக்கும் தேவையும் அந்தக் கணிதமும் ஒரே நூலுக்குள் இருந்தன. ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு இறக்கிறார். கடனும் வஸிய்யத்தும் நீங்கலாக எஞ்சிய சொத்து 24 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று 3 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று 4 லட்சம். எஞ்சிய 17 லட்சம் மகனுக்கு. பின்னக் கணக்கும் மார்க்கச் சட்டமும் ஒரே பாடவேளையில் முடிந்துவிட்டன. இதற்கு எந்தப் பாடத்தின் நேரத்தைத் திருடினோம்?

டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்லும் பணியில் இருந்த இப்னு ஷாதிர் 14ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வானியல் அறிஞர்களுள் ஒருவர். கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தையும் கணிதத்தையும் பர்ளு கிஃபாயா என்று வகுத்தார்கள். ஊரில் ஒரு முஸ்லிம் மருத்துவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹு வாதங்களை நோக்கியே ஓடுகிறார்களே என்று தம் காலத்தவரைக் கடிந்துகொண்டார்கள். இன்று நாம் மறுபக்கமாக ஓடுகிறோம். வீட்டுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்கிறோம். வீட்டில் ஒருவர் மவுத்தானால் குளிப்பாட்டத் தெரிந்த பிள்ளை இல்லை. ஊரில் சிலர் செய்தால் போதுமான கடமைக்காக, ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதியான பர்ளு ஐனைக் கைவிடுவதற்கு இமாம் அவர்களின் சொல்லில் இடமே இல்லை.

தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு இவ்வழி புதிதுமன்று. இலங்கையில் அறிஞர் சித்தி லெப்பை, 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி, நவீனக் கல்வியின் தேவையைச் சமுதாயத்திற்கு எடுத்துரைத்தார். மார்க்கத்தை விட்டுக்கொடுத்தால்தான் பட்டம் வரும் என்ற நிபந்தனையின்றி முஸ்லிம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற கவலையோடு உழைத்தார். 1892இல் கொழும்பில் அவரும் ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் சேர்ந்து உருவாக்கிய மத்ரஸாவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் இஸ்லாமியப் பள்ளி என்னும் எண்ணம். நம் நாட்டின் அரசியல் சாசனம் 30ஆம் பிரிவில் சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. மற்றப் பள்ளிகள் செய்வதையே நாமும் செய்வதற்கு அந்த உரிமை எதற்கு?

நூறு சதவீதத் தேர்ச்சிக்குப் பலியாகும் பிள்ளைகள்

பெயரளவில் இஸ்லாமியப் பள்ளியாக இருப்பதன் விளைவு பாடவேளையோடு நிற்பதில்லை. ஊர் முச்சந்தியில் வைக்கப்படும் பதாகையைப் பாருங்கள்: நூறு சதவீதத் தேர்ச்சி. அந்த நூறு எப்படி வந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளையின் தந்தையை அழைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லும் வழக்கம் தனியார் பள்ளிகளில் உண்டு. நம் பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. பத்தாண்டுக் காலம் கட்டணம் வாங்கிக்கொண்டு, துஆக்களும் ஒழுக்கமும் கற்பித்து, அந்தப் பிள்ளைக்கு உதவி மிகத் தேவைப்படும் ஆண்டில் வாசலைக் காட்டுகிறார்கள்.

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. முதஃப்பிஃபீன் என்று அதற்குப் பெயர். நம் பிள்ளைகள் அதை மனனம் செய்து மேடையில் ஓதுகிறார்கள். கடைக்காரரின் தராசை மட்டுமே அந்த சூரா கண்டிக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். வாங்கும்போது முழுமையாக வாங்கிக்கொண்டு கொடுக்கும்போது குறைப்பவர் எவராயினும் அவரை அது பிடிக்கும். கட்டணத்தை முழுமையாக வாங்கிக்கொண்டு கல்வியைப் பாதியில் நிறுத்துவதும் அளவைக் குறைப்பதுதான். மெலிந்த பிள்ளையை வெளியேற்றிக் கிடைக்கும் நூறு சதவீதத்தைவிட, அவனையும் உட்காரவைத்துக் கிடைக்கும் தொண்ணூறு சதவீதம் அமானிதத்திற்கு நெருக்கமானது.

உஸ்தாதின் நிலையையும் சொல்லியாக வேண்டும். பல பள்ளிகளில் மார்க்கப் பாடம் நடத்தும் ஆலிமுக்கும் ஆலிமாவுக்கும் மற்ற ஆசிரியர்கள் பெறுவதில் பாதி ஊதியமே கிடைக்கிறது. ஆசிரியர் கூட்டத்தில் அவர்களின் கருத்து கேட்கப்படுவதில்லை. விடுமுறையில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும், பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிவிடவும் அவர்களே அனுப்பப்படுகிறார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்த ஆசிரியருக்கு நாற்காலி, எந்த ஆசிரியருக்கு ஸ்டூல் என்பதை வைத்தே எந்தப் பாடத்திற்கு மதிப்பு என்பதை அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். உஸ்தாத்மார்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பொருள் சொல்லாமல் உருப்போடவைப்பதும், கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டி உட்காரவைப்பதும் 14 வயதுப் பிள்ளையிடம் எடுபடாது. கணித ஆசிரியர் தயாரித்துக்கொண்டு வருவது போல் மார்க்க ஆசிரியரும் தயாரித்துக்கொண்டு வந்தால்தான், அந்தப் பாடவேளையை எவரும் எளிதில் கேட்டு வாங்கிவிட முடியாது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

வரும் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வாரத்திற்கு எத்தனை மார்க்கப் பாடவேளை? குறைந்தது மூன்றாவது இருக்க வேண்டும்.

இரண்டு: அந்த வயதுக்குரிய பாடத்திட்டம் எது? ஆண்பிள்ளைகளுக்கு ஆலிமும் பெண்பிள்ளைகளுக்கு ஆலிமாவும் தூய்மை, தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றின் சட்டங்களைத் தனித்தனியே கற்பிக்கிறார்களா?

மூன்று: லுஹர் ஜமாஅத்தில் உயர்நிலை வகுப்பு மாணவர்களும், முஸ்லிம் ஆசிரியர்களும், தாளாளரும் நிற்கிறார்களா?

நான்கு: உஸ்தாதின் ஊதியம் மற்ற ஆசிரியரின் ஊதியத்திற்கு இணையாக இருக்கிறதா?

ஐந்து: கடந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் எத்தனை பேர்? இடையில் குறைந்தவர்கள் எங்கே போனார்கள்?

இவற்றுக்கு நேரான விடை தரும் பள்ளிக்கு நாம் கடன்பட்டவர்கள். அதன் கட்டணத்தைக் காலத்தில் செலுத்துவதும், வசதியற்ற ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வதும் நம்மீதுள்ள பொறுப்பு. விடை தர மறுக்கும் பள்ளி, தன் பெயரிலிருந்து இஸ்லாம் என்ற சொல்லை எடுத்துவிடட்டும். அதன்பின் அதுவும் மற்றப் பள்ளிகளைப் போல் ஒரு பள்ளி. அங்கே பிள்ளையைச் சேர்ப்பவர் மார்க்கக் கல்விக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வார். மஹல்லாப் பள்ளிவாசலின் மாலை மதரஸா இன்றும் திறந்தே இருக்கிறது. பெயரை நம்பியதால் அந்த ஏற்பாட்டையும் செய்யாமல் விட்ட பெற்றோரே இன்று இரண்டையும் இழந்து நிற்கிறார்கள்.

மதிப்பெண் பட்டியலில் பள்ளி முத்திரையிட்டுத் தரும். பிள்ளையின் ஏட்டில் எழுதப்படுவதை நம்மால் திருத்த இயலாது. எழுதப்படும் வயது வருமுன் கற்பிக்கவும், வந்தபின் கைவிடாமல் இருக்கவும் மட்டுமே இயலும். பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. அவர்களைக் குறித்து நம்மிடம் விசாரிக்கப்படும் நாளில் தலைகுனியாதவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.